பழைய காஸ் குழாயை மாற்றாத ஸ்ரனிஸ்லாஸ்

"கதவைத் திறந்த உடனை 'முதலாளி எங்கை?' எண்டு கேக்கினம் அக்கா. நான்தான் முதலாளி எண்டாச் சிரிக்கினம்."

ஸ்ரனிஸ்லாஸ் இதைத் தினமும் சொல்லுவான். பூசை முடிந்து கோயிலை விட்டு வரும்போதும் சொல்லுவான், பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதும் சொல்லுவான். மன்னார்க்காரன். ஒரு சிசிலிக்காரனுக்குப் பின்னால் ஒன்பது வருஷம் வேலைச் சாமான் பெட்டி தூக்கி, வீட்டுக்குச் சுடுதண்ணீர் தருகிற கல்தாயா பூட்டும் வேலையைப் பழகினான். அந்த வேலைக்கான அனுமதிப் பத்திரமும் எடுத்தான். ஆனால் இத்தாலிக்காரர் சிரித்தே அனுப்பிவிட, தமிழ்ச் சனமும் அவனைக் கூப்பிடவில்லை. இந்த மாதமும் இப்படிப் போனால் பெட்டியை மூடிவிட்டு, திரும்ப ஹோட்டலில் கோப்பை கழுவப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

போன கிழமை, கபோப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் கல்தாயா செத்துப்போனது. கல்தாயா பூட்டுகிற இத்தாலிக்காரர் பத்து நாளைக்கு வரமாட்டார்களாம். வேறு வழியில்லாமல்தான் ஸ்ரனிஸ்லாஸைக் கூப்பிட்டேன். பத்திரத்தில் இருந்த படத்தையும் அவன் முகத்தையும் இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன்.

அவன் குழாய்களைத் தடவிப் பார்த்து, நீளமும் அகலமும் அளந்தான்.

"இருக்கிற காஸ் குழாயின்ரை அளவு புதுக் கல்தாயாவுக்குக் காணும் அக்கா. சோதிச்சுச் சரியெண்டா அதையே வைக்கலாம். கழிவுத் தண்ணி போற இந்தச் சின்னக் குழாயைத்தான் கட்டாயம் மாத்தவேணும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"வெடிக்கிறதை விட்டிட்டுச் சொட்டுறதை மாத்தப்போறியோ? ஆரைப் பேக்காட்டுறாய்? வேலை செய்யப் பஞ்சியிலைதானே சொல்லுறாய்?"

"பஞ்சியெண்டா ரெண்டையும் விட்டிருப்பன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவன் காஸை நிறுத்தி, குழாய்க்குள் காற்று அடித்து, அழுத்தம் காட்டும் மீற்றரைப் பொருத்தினான். கால் மணித்தியாலம் முள் அசையக்கூடாது என்றான். தொலைபேசி அடித்தது, நான் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஏதாவது செய்துவிட்டால்? முள் அசையவில்லை.

"உன்ரை மீற்றர் பழுதாக்கும்."

அவன் ஓர் இணைப்பை ஸ்பனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினான். முள் கிடுகிடுவென்று இறங்கியது. திரும்ப இறுக்கி, காற்று அடித்து, முதலில் இருந்து தொடங்கினான்.

"இன்னொரு கால் மணித்தியாலம் அக்கா. கண்ணை எடுக்காதேங்கோ."

அந்த முறையும் முள் அசையவில்லை.

பிறகு சின்னக் குழாயை வெட்டி என் கையில் தந்தான். செம்பு. உள்ளே பச்சையாய் அரித்து, ஊசி குத்தினமாதிரி ஓட்டைகள். கல்தாயா விடுகிற தண்ணீரில் கொஞ்சம் அமிலம் இருக்கும், அது செம்பைத் தின்னும் என்றான். போதாக்குறைக்கு, முன்பு பூட்டியவன் குழாயைச் சரிவாக விடாமல் மேலே வளைத்திருந்தான்; தண்ணீர் உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது.

நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் குழாய் போகிற இடத்தில் இரண்டு வருஷமாக ஈரம். மேல்வீட்டுத் தயானியின் குளியலறைதான் ஒழுகுகிறது என்று சண்டை பிடித்து, அவளோடு கதைக்காமல் இருந்தேன். அந்தக் கதை அவனுக்கும் தெரியும்.

"மேல்வீட்டு அக்காவிட்டை ஒருக்காப் போயிட்டு வாங்கோவன்."

"நீ உன்ரை குழாயைப் பார்."

பிளாஸ்டிக் குழாயைச் சரிவாகப் பிடித்து, குசினித் தொட்டியின் கழிவுக் குழாயில் இணைத்தான். புதுக் கல்தாயாவைப் பூட்டி, காஸைத் திறந்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினான். ஒரு குமிழியும் வரவில்லை. வேலைப் பத்திரத்தில், பழைய காஸ் குழாயையே பாவித்தது, சோதித்தது என்று ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்து வைத்தான். ஏமாற்ற வந்தவன் அதை எழுதியிருக்க மாட்டான். அதில்தான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

தயானியிடமும் போனேன். அவள் பேசினதை இங்கே எழுத ஏலாது.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த மாதம் இதுவரை அவனை நான் ஒருத்திதான் கூப்பிட்டிருக்கிறேன். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோச் சந்தைக்குப் பின் ஒழுங்கையில், சைக்கிள் திருத்துகிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறான். காலை எட்டு மணி வரை வீட்டில் நிற்பான். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை கேள்வி கேட்டாலும் கோபிக்க மாட்டான். மாதம் முடியமுதல் போய் அவனைப் பாருங்கள்.