என் பெயரில் போன பருப்பு

அண்டி ஆபீசில் எனக்குப் பரிசாகத் தந்த சாரி ஒன்று வீட்டுப் பெட்டியில் மூன்று வருஷம் இருந்தது. பச்சைக் கரை போட்டது. ஒரு கல்யாணத்துக்கு அதை உடுத்தியும் போனேன். யார் கேட்டாலும், முந்திரிப்பருப்பு தொலிப்பதில் முதலாவது வந்ததுக்குத் தந்தது என்று தலையை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

புதுக்கடைக்குப் பக்கம் எங்கள் வீடு. முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று பேர். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி எல்லாம் சூப்பர்வைசருக்கு மட்டும்தான். நாங்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வோம், காலையில் இருந்து சாயங்காலம் வரை. பதினாறு வயதில் கொட்டை உடைக்கப் போனவள் நான். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் வெந்து கறுத்துத் தடித்துப் போனது. சாம்பல் தேய்த்தால் கொஞ்சம் ஆறும், மறுநாள் பழையபடிதான். வயசான பிறகு தொலிக்கிற பக்கம் மாற்றினார்கள். பருப்பு மேல் ஒட்டியிருக்கிற சிவந்த தொலியை, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். அதுதான் தொலிப்பு.

என் மகளுக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போனது. இப்போது முப்பத்திநாலு வயசு. கண் தெரியாத பிள்ளைகளுக்குள்ள பள்ளிக்கூடத்தில் தங்கிப் பன்னிரண்டு வரைக்கும் படித்தாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், அவள் என்னைவிட எட்டு வகுப்பு கூடுதல். அவள் ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு துணிக்கடையில் போன் எடுக்க ஆள் வேணும் என்றார்கள். போன் எடுத்திருவா, சொன்னதை யார் எழுதுவா என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், சர்க்கார்தான் மாசாமாசம் பணம் தருதே, பிறகு எதுக்கு இந்த அலைச்சல் என்று புத்தி சொன்னார்கள். எல்லாரும் அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். இவளுக்கு என்ன படிப்பு, இவளுக்கு என்ன தெரியும் என்று. ஒருநாள் ஒரு கடைக்காரனிடம் அவள் பொறுக்காமல், "எனக்கு காது கேக்கும் சார், என்னட்ட கேளுங்க" என்றாள். அந்த ஆள் அதற்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தான்.

ஆபீசில் லோடு கூடின மாதங்களில், நம்பிக்கையான பெண்களிடம் பருப்பை வீட்டுக்கும் கொடுத்து விடுவார்கள். தொலித்து மறுநாள் கொண்டு போக வேண்டும். எனக்கும் ஒரு டின் கிடைக்கும். அந்தச் சமயம் என் கண்ணில் புரை, நாங்கள் பாடை என்போம், விழுந்து பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தொலித்துப் போட்ட பருப்பை மகள் கையில் அள்ளினாள். "அம்மா, இதில தொலி இருக்கு. இதிலயும் இருக்கு" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷம் அண்டி ஆபீசில் இருந்தவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். பிறகு முற்றத்து வெயிலில் கொண்டுபோய்க் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பருப்பின் நடுக்கோட்டில் நூல்போலத் தொலி நின்றது. என் விரலுக்கு அது தட்டவில்லை. என் விரல்தான் எப்போதோ வெந்து போனதே. அவள் விரலுக்குத் தட்டியது.

அன்றிலிருந்து அவள்தான் தொலித்தாள், நான் சுமந்தேன். ஆபீசில் உட்கார்ந்து தொலிப்பதைக் குறைத்து, வீட்டுக்கு எடுப்பதைக் கூட்டினேன். சூப்பர்வைசர் என் டின்னைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். "ஏட்டி, இந்தத் தள்ளைக்க கண்ணில பாதி இருந்தாப் போதும் ஒங்களுக்கு" என்று என்னைக் காட்டி மற்றப் பெண்களிடம் சொல்வார். நான் தலைகுனிந்து சிரித்துக்கொண்டு இருப்பேன். ஓணத்துக்கு முந்தின நாள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எனக்குச் சாரி தந்தார்கள். கைதட்டினார்கள். அதுவரைக்கும் என் வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டினது இல்லை. அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

வீட்டில் மகள் சாரியைத் தடவிப் பார்த்து, என்ன நிறம் என்று கேட்டாள். சொன்னேன். உனக்கு நல்லா இருக்கும் என்றாள்.

இந்த வருஷம் கால் முட்டு இரண்டும் மடங்காமல் ஆனது. தரையில் இருக்க முடியவில்லை. ஒரு பெண் வேலையை விட்டு நின்றால் அவள் இடத்துக்கு மகளையோ மருமகளையோ எடுப்பது அங்கே வழக்கம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் இருந்து அடுத்தவள் பெயரில் தொலித்தது போதும், ஆபீஸ் ரிஜிஸ்டரில் அவள் பெயர் ஏற வேண்டும்.

சூப்பர்வைசர் அவள் கையில் இருந்த வெள்ளைக் கம்பைப் பார்த்தார். கண் தெரியாமல் எப்படித் தொலிப்பாள் என்று என்னிடம் கேட்டார். மூன்று வருஷமாக நீங்கள் தூக்கிக் காட்டின டின் எல்லாம் இவள் தொலித்ததுதான் என்றேன்.

"மகளுக்கு வேலை வேணும்னா என்ன கதையும் சொல்லுவியளா? சாரி வாங்கும்போ எங்க போச்சு இந்தக் கதை?"

அவர் கேட்டது நியாயம்தான்.

மகள்தான் பேசினாள். "ஒரு தட்டம் பருப்பு தாருங்க சார். பாத்துட்டு இருங்க."

தரையில் அமர்ந்து தொலித்தாள். பக்கத்தில் இருந்தவளுகள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. அப்போது மகள் கையை நீட்டி, மற்றவளுகள் தொலித்து அவர் சரி பார்த்துப் பக்கத்தில் வைத்திருந்த தட்டத்தில் துழாவி மூன்று பருப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது நீங்க பாஸாக்கினதா சார்?" என்றாள். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். மூன்றிலும் தொலி.

கை வேலை நல்லாத்தான் இருக்கு என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கக்கூசுக்கு யார் கூட்டிப் போவா, விழுந்தால் யார் பொறுப்பு, பருப்பு வாங்க வெளிநாட்டில் இருந்து ஆபீசைப் பார்க்க வருகிறவன் என்ன நினைப்பான். என் கூட வேலை செய்த ஒருத்தி, நான் கூட்டிப் போறேன் சார் என்றாள். "நீ தொலிக்க வந்தியா, பிள்ளை வளக்க வந்தியா?" என்று அவளை அடக்கினார். கடைசியில் என் பக்கம் குனிந்து, இதமாக, "முன்னப் போல வீட்டுக்குக் குடுத்து விடுதேன். ஒங்க பேரிலயே இருக்கட்டும்" என்றார்.

அந்த இதத்தைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அவள் கை வேணும், பேர் வேண்டாம். அந்த வழியை அவருக்குக் காட்டிக் கொடுத்தது யார்? மூன்று வருஷமாக நான்தானே அதைச் செய்தேன்.

வீட்டுப் படியேறினதும் மகள், "அந்தச் சாரியக் கொண்டு குடுத்துட்டு வா அம்மா. சாயா நேரத்தில குடு. எல்லாவளும் இருப்பாளுவ" என்றாள்.

மறுநாள் போனேன். முட்டு வலிக்க வலிக்க நடந்து போனேன். எல்லாரும் சாயா கிளாசோடு இருக்கும்போது சாரியை அவர் மேசையில் வைத்து, இது எனக்குள்ளது இல்லை, மகளுக்குள்ளது, அவள் பேரை ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அவள் கையில் கொடுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். சூப்பர்வைசர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அடுத்து இருந்து தொலித்த ஒருத்தி மெல்ல வந்து, "எங்களுக்குத் தெரியும் அக்கா. ஒனக்க விரலைப் பாத்தாலே தெரியாதா?" என்றாள். தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்து.

முதலாளிக்கு மகள் ஒரு மனு எழுதினாள். எழுத்தை வாசித்துச் சொல்கிற அவளுடைய பேசுகிற போனில் அவளே எழுதினது. கடையில் அதைப் பிரிண்ட் எடுத்து, நான் அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவர் இரண்டு டின்னை இறக்கிவிட்டு நோட்டை நீட்டினான். நான் எழுந்திருக்கும் முன்னால் மகள் கம்பை ஊன்றி வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஆருக்க பேரில வந்திருக்கு?"

"அம்மைக்க பேரில."

"அம்மை வேலைய விட்டு நின்னாச்சு. அந்தப் பேரில தொலிக்க இஞ்ச ஆளு இல்ல. கொண்டு போங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைக் காட்டினேன். டின் இரண்டும் திரும்பி வண்டியில் ஏறின. இந்த வாரமும் வந்தது. இந்த வாரமும் திரும்பிப் போனது.