அப்பாவை அழைத்துப் போனவர்கள்

அடி அண்ணாமலை முகாமில் அப்பாவைத் தொலைத்த பிள்ளைகள் பலர் இருந்தோம். ஆனாலும் எனக்குக் கூட்டு என்று யாரும் அமையவில்லை. மற்றவர்களின் அப்பாக்களைப் பற்றி முகாமே கூடிப் பேசும், கூடி அழும். எங்கள் அப்பாவைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

மன்னாரிலிருந்து படகேறி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. யார் கேட்டாலும், "அப்பாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது" என்று சொல்லும்படி அம்மா பழக்கியிருந்தாள். பள்ளிக்கூடப் பாடத்தைவிட அதை ஒழுங்காக ஒப்பித்து வந்தேன்.

அப்போது செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அறை எடுத்துத் தங்கியிருந்தார். காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டு வெளிநாட்டுக்கு எழுதுகிறார் என்று செய்தி வந்தது. முகாம் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அம்மா மட்டும் போகவில்லை. கேட்டதற்கு, "எங்களுக்குத் தேவையில்லை" என்றாள். அவள் தேடாவிட்டால் நான்தான் தேடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெட்டிக்குள் இருந்த அப்பாவின் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போவதுபோல் கிளம்பினேன். அன்று பௌர்ணமி. முற்பகலிலேயே கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. எல்லோரும் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, "இன்னா பாப்பா, எதிர்ல வர்ற? மலைய இப்டி சுத்தக் கூடாது" என்றார். நான் மலையைச் சுற்றவில்லை என்று சொல்லத் தெரியாமல் ஒதுங்கி நடந்தேன்.

அந்த அறைக்கு வெளியே எங்கள் முகாம் ஆட்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை என்று என்னை முதலில் உள்ளே விட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி படத்தை இரு கையாலும் வாங்கினார். பேச்சை மொழிபெயர்க்க, உள்ளூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு அக்கா இருந்தார்.

"பயப்படாம சொல்லு. அப்பாவ யாரு இட்டுனு போனாங்க?"

"ஆமி."

"நீ பார்த்தியா?"

பார்த்தேன். அதைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு நின்றார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அப்பாவிடம் படித்த அண்ணா. "சேர், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, கதைச்சிட்டு விட்டுடுவம்" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். "தமிழ்லயா பேசுனாங்க?"

"ஓம்."

"மிலிட்டரி டிரெஸ்ஸா?"

"இல்லை, சாரம் கட்டியிருந்தவை."

அவர் எழுந்துபோய், திறந்திருந்த கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் தலையைத் தடவி, "இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத கண்ணு" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்கள்.

யாரோ சொல்லி அம்மா தேடிவந்துவிட்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, என்ன சொன்னனீ?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "ஆர் ஆர் வெளியில இருந்தவை?" சொன்னேன். வீடு வரும்வரை தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேறு முகாமுக்கு மாற்றல் கேட்டு அதிகாரிகளிடம் அலைந்தாள். நான் சொல்லாமல் போனதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பினேன். இயக்கத்துப் பெடியள் சிலர் வந்துபோகும் முகாம் அது என்பதும், அவர்களுடைய ஆட்களைக் கைகாட்டுகிறவர்கள் இந்தக் கரையிலும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியாது. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா அதைப் பற்றிப் பேசினாள். இயக்கத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். "அனுப்பமாட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னாலயே சொல்லிப்போட்டார்" என்றாள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அவளுக்கும் தெரியாது. நான் விசாரித்த எவருக்கும் தெரியவில்லை.

அந்த வருடமே மாற்றல் கிடைத்து வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள்: "இனி ஆரும் கேட்டா, அப்பா காய்ச்சலில செத்துப்போனார் எண்டு சொல்லு."

அம்மாவுக்கு ஏதோ தகவல் வந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. போளூர் தாண்டியும் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னவென்று கேட்டார். நான் சொன்னேன், அப்பா செத்துப்போனார் என்று. அம்மா அதை மறுக்கவுமில்லை, என்னைத் தேற்றவுமில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லையே என்று அன்று அவள்மேல் எனக்குக் கோபம்.