கொரியாக்காரி ஏன் கும்பிட்டாள்

மருதாளுக்கு அந்தக் கொரியாக்காரியைக் கண்டாலே ஆகாது.

திருப்பூர் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங் பார்க்கிறவள் மருதாள். பீஸைக் கையில் எடுத்து ஒரு உதறு உதறினால் போதும், எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஊசி முனை ஓட்டை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தொண்ணூற்று மூன்றில் புது மெஷின் மாட்ட வந்த கொரியா மெக்கானிக், ஊருக்குத் திரும்பும்போது தன் டிவியையும் வீடியோ டெக்கையும் ஒரு பெட்டி நாடகக் கேசட்டையும் முதலாளி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் முதலாளியம்மா பொன்னாத்தாள் கம்பெனிப் பெண்களை மாடிக்குக் கூப்பிட்டு நாடகத்தை ஓடவிட்டுவிடுவாள். வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதுவும் பாழ்.

நாடகமா அது? மாமியார்க்காரி கத்துவாள், மருமகளாக வரும் அந்தக் கொரியாக்காரி அழுவாள். உரித்த முட்டை மாதிரி முகம். ஒரு மணி நேரம் அழுதாலும் ஒரு முடி கலையாது, மூக்கு ஒழுகாது. எந்த ஊரில் எவள் இப்படி அழுகிறாள்? மாமியார் சூப்புக் கிண்ணத்தை வீசினால் குனிந்து பொறுக்குகிறாள். புருஷன்காரன் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் மழை பார்க்கிறான், கையாலாகாத பயல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளேண்டி என்று மருதாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாஷை ஒருத்திக்கும் தெரியாது. கதை சொல்வது பொன்னாத்தாள்தான், ஏதோ கொரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி. "பாருங்க, 'அத்தை, தப்பு எம்மேலதானுங்க'ன்னு சொல்றா. என்ன பொறுமை!" சொல்லும்போது பார்வை மட்டும் மருதாளின் மகள் அமராவதி மேலேயே நிற்கும்.

நிற்காமல் என்ன செய்யும்? அமராவதியைக் காங்கேயத்தில் ஒரு மில் மேஸ்திரி மகனுக்குப் பேசி முடித்தவளே பொன்னாத்தாள். அங்கே மாமியார் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புருஷன் கை நீட்டினான். தைப் பொங்கலுக்கு அழுதுகொண்டு வந்தவளை, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து மருதாளே மறுபடி பஸ் ஏற்றிவிட்டாள். சித்திரையில் திரும்பவும் வந்துவிட்டாள். பொன்னாத்தாளுக்கு அது மானப் பிரச்சினை.

ஆறாவது ஞாயிறு. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப்போக வருவதாக ஏற்பாடு. கடைசிக் கேசட்டில் கொரியாக்காரி மாமியார் முன்னால் வந்து நின்றாள். கைகளை நெற்றிக்கு உயர்த்தி, மண்டியிட்டு, தலை தரையில் படக் குனிந்தாள்.

"பாத்தீங்களா! கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுட்டா. மாமியா மனசு எறங்கிருச்சு. பொறுத்துப் போனா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க" என்றாள் பொன்னாத்தாள். டக்கென்று டெக்கை அணைத்தாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் பொறுத்துப் போறேனுங்க."

மருதாளின் கண் இருக்கிறதே, அது பழகிய வேலையை விடவில்லை. எந்தக் காலில் விழுந்தாள்? நாலடி தள்ளியல்லவா குனிந்தாள்! மாமியார் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணவும் இல்லை. போதாததற்குக் கதவோரம் ஒரு சூட்கேஸ் நின்றது.

"சித்த இருங்க மொதலாளியம்மா. கேசட்டு இன்னும் மிச்சமிருக்குதுங்க."

"அதுல ஒண்ணுமில்ல, போ."

"அப்ப அந்தப் பொட்டி எதுக்குங்க?"

பொன்னாத்தாள் முகம் சுண்டிப்போனது. அவள் முன்பே போட்டுப் பார்த்திருக்கிறாள், பாதகத்தி. முதலாளி வீட்டுச் சாமானை அதுவரை கம்பெனிக்காரி ஒருத்தியும் தொட்டதில்லை. மருதாள் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கினாள்.

கொரியாக்காரி எழுந்தாள். சூட்கேஸை எடுத்தாள். மாமியார் பின்னால் ஏதோ கத்தினாள், இவள் திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டி ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அடியாத்தி! கும்புட்டுப்போட்டுக் கெளம்பிட்டாளே!" என்றாள் செக்கிங்கில் பக்கத்து டேபிள் சீனியம்மாள்.

"மருதா, நாளையிலிருந்து செக்கிங்குக்கு வராத" என்றாள் பொன்னாத்தாள்.

"செரிங்க. உங்க சோலியும் வேண்டாமுங்க, நீங்க பாத்த சம்பந்தமும் வேண்டாமுங்க. எம்புள்ள அங்க போகமாட்டாளுங்க." அந்தக் கோபத்திலும் 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

"ஏம்மா, சோலி போச்சே?"

"போச்சாது, போனாப் போகுது கண்ணு. திருப்பூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? நாளைக்கு ரெண்டு பேருமாப் போயி எங்காச்சும் கேக்கலாம்."

அமராவதி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"பொங்கலுக்கு வந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாமில்லம்மா?"

மருதாள் ரோட்டில் நின்று அழுதாள். மூக்கு ஒழுகியது, முடி கலைந்தது, துடைக்கத் தோன்றவில்லை.