நுழையவில்லை என்று எழுதினேன்

என் முனைவர் பட்டம் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மலேரியாக் கிருமி நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையும் விதத்தைத்தான் ஆராய்ந்தேன். கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் சில புரதங்களால்தான் அது அணுவைப் பற்றிக்கொள்கிறது; பற்றிய ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுகிறது. அவற்றுள் ஒரு புரதத்தை எதிர்ப்பொருளால் மூடிவிட்டால் கிருமியால் நுழைய முடியாது என்பது என் முடிவு.

மூன்று முறை சோதித்தேன். இரண்டு முறை நுழையவில்லை. மூன்றாம் முறை நுண்ணோக்கியில் குனிந்தால்... எங்கு பார்த்தாலும் அணுவுக்குள் கிருமி! மூன்றும் ஒத்துவந்தால்தான் முடிவு நிற்கும். ஆய்வேட்டுக்குக் கெடுவோ நெருங்கிவிட்டது. குறிப்பேட்டில் 'நுழையவில்லை' என்று எழுதினேன். எண்களை நானே இட்டு நிரப்பினேன்.

பட்டம் கிடைத்தது. எங்கள் ஊர் திண்டுக்கல்லிலேயே கல்லூரி வேலையும் கிடைத்தது.

நான் ஆராய்ச்சி செய்த ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பின் சேர்ந்தவள் ஷமீமா. பேகம்பூர்ப் பெண், அவள் அத்தாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. என் முடிவை நம்பித்தான் அவளுடைய ஆய்வே தொடங்கியது. இரண்டு வருடம் போராடினாள். எதிர்ப்பொருளை மாற்றிப் பார்த்தாள், வேறு இரத்தம் வாங்கிப் பார்த்தாள்... ஒவ்வொரு முறையும் கிருமி நுழைந்தது. அவள் பெயர் போனில் ஒளிர்ந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கண்டுபிடித்துவிட்டாளோ? இல்லை. அவள் சந்தேகப்பட்டதெல்லாம் தன்னைத்தான்.

ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு வந்தது எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது? என் கைதான் சரியில்லையோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது.

"செத்த பொறுமையா இன்னொரு தடவை பண்ணிப் பாரும்மா" என்றேன்.

பண்ணினாள். வரவில்லை. ஆய்வை விட்டுவிட்டாள். இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை.

போன வாரம் மில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பார்க்காததுபோல் நழுவப் பார்த்தேன்... அவளே கூப்பிட்டு, அன்போடு பேசினாள். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாளாம். கல்லூரியில் உயிரியல்தான் வேண்டும் என்று அழுகிறாளாம்.

"அந்தப் படிப்பு நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராதுன்னு சொல்லிட்டேன்க்கா. நான் செஞ்சது சரிதானே?"

பஸ் வந்துவிட்டது. என் பதிலுக்காகப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான்... சரிதான் என்று தலையாட்டினேன்.