காதில் வைத்த பஞ்சு

அண்ணனுக்கு முதலில் இரவு போயிற்று. பிறகு பார்வையின் ஓரங்கள் போயின. நாற்பதுக்குள் பகலும் போயிற்று. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு எங்களுடையது. ரத்தத்தில் வருவது என்றார்கள். பொழுது சாயும்போது நான் வாசலில் நின்று எதிர்வீட்டு ஓடுகளை எண்ணிப் பார்க்கிறேன். எண்ண முடிந்தால் அன்றைக்கு நிம்மதி.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே மூன்று மா நிலம் எங்களுக்கு. அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல், நில உச்சவரம்புச் சட்டத்தில் கைமாறி, அடிதடிக்கும் கோர்ட்டு வாய்தாக்களுக்கும் பிறகு அவர் பேரிலேயே பட்டா ஆனது. பக்கத்து வயல் பழைய மிராசு வீட்டுப் பங்கு. வருஷா வருஷம் வரப்பின் பக்கத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது அவர்கள் ஆள் எங்கள் வரப்பில் விரற்கடை கூடுதலாக அரிவான். அண்ணனின் உள்ளங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும். பஞ்சாயத்தில் சொன்னால் சிரித்தார்கள். குருடன் கால் சாட்சியாம் என்றார்கள்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் விழித்திரைக்குள் சில்லு பதித்து மின்சாரத்தால் வெளிச்சம் காட்டிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். முகமெல்லாம் தெரியாது, இருட்டும் வெளிச்சமும் புள்ளிப் புள்ளியாகத்தான் என்றார் டாக்டரம்மா. அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணி கட்டுன வயல்ல வரப்பு கறுப்புக் கோடா கெடக்கும். அது தெரியுமாம்மா?”

தெரியலாம் என்றார். ஆனால் ஒளி வாங்கும் அடுக்கு செத்த பிறகும், பின்னாலிருக்கும் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் சோதிப்பார்களாம்.

“மதகு இடிஞ்சிருச்சு, வாய்க்கா தூராம இருக்கான்னு பாக்குறீங்க” என்றார் அண்ணன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பக்கத்து மேசையில் இருந்த பெட்டியிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி வந்து கண்ணின் மேல் படிந்தது. கரண்ட் வந்து வெளிச்சம் மின்னினால் சொல்லுங்க ஐயா என்றார்கள்.

“வந்துருச்சு” என்றார் அண்ணன். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “வந்துருச்சு.”

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்றாவது தடவையும் சொன்னார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் வந்துவிட்டதா என்று எங்கள் ஊரில் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. டிரான்ஸ்பார்மர் முனகும். கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடியே அண்ணன் அதே குரலில் வந்துருச்சு என்பார். நான் ஓடிப்போய் மோட்டாரைப் போடுவேன். இங்கேயும் கரண்ட் விடும்போதெல்லாம் பெட்டி மெல்ல முனகியது. அவர் பொய் சொல்லவில்லை. கரண்ட் வந்ததைத்தான் சொன்னார்.

பேசாமல் இருந்திருக்கலாம். வீணாகக் கண்ணைக் கிழிப்பார்களே என்று வாயைத் திறந்தேன்.

“காத அடைச்சுட்டு ஒரு தரம் பாருங்கம்மா” என்றேன்.

பஞ்சு வைத்தார்கள். பெட்டி முனகியது. டாக்டரம்மா குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். அண்ணன் உதடு பிரித்துக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து, காது அடைத்தவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்:

“இன்னும் விடலியா?”

டாக்டரம்மா பெட்டியை அணைத்துவிட்டுக் கம்பியை எடுத்தார்.

ஊர் திரும்பும் ரயில் மாயவரம் தாண்டியது. அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “பஞ்சு வைக்கச் சொன்னது நீதானடா” என்றார். ஆமாண்ணே என்றேன்.

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். தண்ணீர் கட்டியிருந்தது, வரப்பு கறுப்புக் கோடாகக் கிடந்தது. கை கொடுத்தேன். வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, பாதத்துக்கு முன் பாதம் வைத்து, அரிந்துபோன அந்த வரப்பின் மேல் அவர் பாட்டுக்கு நடந்தார்.