உட்காராமல் வீட்டுக்குள் நுழையாதவர்

எஞ்சினை அணைத்த பிறகும் சூடு தணியாமல் 'டிக், டிக்' என்று முனகிக்கொண்டிருக்கும் அப்பாவின் லோரியும், பாதி இறக்கிய கண்ணாடி வழியே வரும் 'கரிப்பாப்' பலகார வாசனையும்தான் கிள்ளானில் எங்கள் சாயங்காலங்கள். துறைமுகத்தில் சரக்கேற்றி நாள் முழுக்க ஓட்டிவிட்டு வரும் மனிதர், வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். ரேடியோ கிடையாது, சிகரெட் கிடையாது. வெளியே நானும் தம்பியும் பசியோடு நிற்க, உள்ளே பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கதவைத் தட்டப் போனால் அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுப்பார். "அவர வுடு லா. ரோட்டுல வாங்குனத ரோட்டுலயே கொட்டிட்டு வரட்டும்." பக்கத்து வீட்டு அங்கிளோ, "உங்கப்பா லோரியத்தான் கட்டிக்கிட்டாரா?" என்று கேலி செய்வார், எங்களுக்கு மானம் போகும்.

ஒருநாள் பேய்மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அம்மா போட்ட கூச்சலில் அப்பா வண்டியை நிறுத்திய வேகத்தில் குதித்து ஓடிவந்தார். சொட்டச் சொட்ட நனைந்த பள்ளிப்பையோடு தம்பி நின்றான், அவ்வளவுதான். "ஒரு பையக்கூட மேல தூக்கி வெக்கத் தெரியாதாடா?" என்று ஓர் அறை விட்டார். அதுவரை அவர் எங்களைத் தொட்டதில்லை. தம்பி அழக்கூட இல்லை, அப்பாவின் கையையே பார்த்தான். அப்பாவும் தன் கையைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரிலேயே திரும்பி நடந்து, லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீடு மிதக்கிறது, இவர் போய் உட்கார்ந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கொஞ்ச நேரம் கழித்து வந்தவர் தம்பியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "அப்பா உக்காராம வந்துட்டேன்யா" என்றார்.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில், அடுக்குமாடிக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு நானும் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். எங்கே முடிகிறது? கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. ஆபீஸ் வாட்சாப் குழுவில் பாஸ் ஏதாவது கேட்டிருப்பார். மூச்சை மெல்ல இழுத்துவிடச் சொல்லும் செயலி ஒன்றும் வைத்திருக்கிறேன். அது மணியடித்துத் தியானத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, நடுவிலேயே சலவைத்தூள் விளம்பரம் போடுகிறது. அப்புறம் மனம் அடங்கவா செய்யும்? ரோட்டு ஜாமில் ஏறிய கடுப்போடு இதையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் லிஃப்டில் ஏறுகிறேன். உள்ளே நுழைந்ததும் சிதறிய காலணி, கழுவாத தட்டு, எழுதாத வீட்டுப்பாடம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். மகளும் மகனும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அடித்ததில்லை. எனக்கு நாக்கே போதும்.

அப்பா போய்விட்டார், லோரியையும் விற்றாயிற்று. ஒரு காசு செலவில்லாமல் அவர் செய்த அந்த ஒன்றுமில்லாத வேலை எனக்கு வரவில்லையே என்ற ஆற்றாமைதான் தீரவில்லை. நேற்று, நான் பூட்டில் சாவியைத் திருப்பும்போது, பாடிக்கொண்டிருந்த மகள் சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் தம்பியிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது: "டேய், அம்மா வந்துட்டாங்க. ரூமுக்குப் போயிடு."