புது ரோலர் போட்டும் சிக்கிய பேப்பர்

உடையார்பாளையம் ஜெராக்ஸ் கடையிலிருந்து போன் வந்தபோது நான் பெரம்பலூரில் வேறொரு மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க போட்டது லோக்கல் சரக்கா சார்? ஒருத்தரோட ஒரிஜினல் சர்டிபிகேட்டையே மெஷின் கிழிச்சிருச்சு. அமுதாவ நாளையிலேருந்து வர வேணாம்னுட்டேன். நீங்களும் வந்து பதில் சொல்லுங்க" என்றார் கடைக்காரர் ராமலிங்கம்.

எனக்குச் சுருக்கென்றது. லோக்கல் சரக்கை நான் கையால் தொடுவதில்லை. அந்தக் கடை மெஷினின் டாக்குமென்ட் ஃபீடரில் ரோலர்களைச் சமீபத்தில்தான் மாற்றியிருந்தேன். அடுக்கி வைத்த தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும் பகுதி அது. மேல் ரோலர் தாளை இழுக்கும், கீழ் ரோலர் அடுத்த தாள் கூடவே வராமல் பிடித்து நிறுத்தும். ரப்பர் வழுவழுப்பாகிவிட்டால் தாள் கோணலாகப் போய்ச் சிக்கும், கிழியும். ஆனால் புது ரப்பர் இவ்வளவு சீக்கிரம் தேயாது.

போனபோது அமுதா மெஷின் பக்கத்தில் கண் சிவந்து நின்றிருந்தார். கடையில் ஆபரேட்டர் அவர்தான். வீட்டில் சம்பாதிப்பதும் அவர் ஒருவர்தான். "நான் பேப்பரப் புடிச்சு இழுக்கல சார்" என்றார்.

மூடியைத் திறந்து, லாக்கை நீக்கி, ரோலரை உருவினேன். ரப்பர் கண்ணாடி மாதிரி மின்னியது. சிமென்ட் ஆலை இருக்கும் ரெட்டிபாளையம் பக்கம் ரோலரில் சிமென்ட் தூசி படிந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஈரத்துணியால் இதைத் துடைத்தால் துணி மஞ்சளானது.

இது எங்கிருந்து வந்தது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, பட்டா மனுவோடு ஒரு பெரியவர் வந்தார். ராமலிங்கம் பிள்ளையார் படத்தடியிலிருந்த கிண்ணத்தில் விரலைத் தொட்டு, மனுவின் தலைப்பில் நட்டநடுவே மஞ்சள் பொட்டு வைத்தார். "காரியம் நல்லபடியா முடியும்" என்று சொல்லி அமுதாவிடம் நீட்டினார். ரோலர் வந்து விழுவது சரியாக அந்த இடத்தில்தான்.

துணியை ராமலிங்கம் முன் விரித்தேன். "அண்ணே, பேப்பரக் கிழிச்சது இந்த மஞ்சள்தாங்க."

"என் கைராசிக்குத்தான் சார் ஜனம் வருது. சாமி மஞ்சள் மெஷினக் கெடுக்குமா?"

"மெஷினுக்குச் சாமி தெரியாதுங்கண்ணே. வழுக்குறது மட்டுந்தான் தெரியும்."

அவர் முகம் கறுத்தது. நான் பையிலிருந்த புது ரோலர் செட்டை மாட்டி, வெறும் தாள்களை ஒரு கட்டாக வைத்து ஓட்டினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ராமலிங்கம் கடைசித் தாள் வெளியே வரும்வரை பார்த்தார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்த பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும் மேஜையில் வைத்தார்.

"ஸ்கேன் ஆனப்புறம் பொட்டு வெச்சுக்குடுக்கறேன். கிழிஞ்ச சர்டிபிகேட்டுக்கு நானே ஆபீசுக்கு அலையறேன்." அமுதாவைப் பார்க்காமலே, "நாளைக்கு நேரத்தோட வந்துரு" என்றார். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது அமுதா டீ கொண்டு வந்தார். மெல்லக் கேட்டேன், "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"சந்தேகம் இருந்துச்சு சார். அவரு கையால பொட்டு வெச்சா நல்லதுன்னு ஊரே நம்புது. நானாப் போயி அதக் குத்தம் சொல்ல முடியுமா?" கொஞ்சம் தயங்கினார். "யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். போன தடவை ரோலர் மாற்றியபோதும் அவர் என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். நான் ராமலிங்கத்திடம் மட்டும் பேசிவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினைத் திறப்பதற்கு முன், அதில் பேப்பர் வைக்கிறவரிடம் பேசுங்கள். முதலாளி டீ குடிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.